பாட்டில்ல இருக்கற கடல் முள்ளெலி எந்த ஸ்பீசிஸ்? லேபிள் அழிஞ்சிடுச்சி

காட்பாடி பொண்ணு:
எங்க காலேஜ் ஜுவாலஜி லேப்ல ஒரு கடல் முள்ளெலி பார்மலின் பாட்டில்ல கீது, லேபிள்ல மை ஓடிப்போயி "மன்னார்"னு மட்டும்தான் படிக்க முடியுது, ரெக்கார்டுல பேரு, எங்கெங்க வாழுதுன்னு எழுதணும். சீனியர்ஸ் எல்லாம் டயடிமா செட்டோசம்னு எழுதி டிக் வாங்கிட்டாங்க. எனக்கு இடிக்குது, முள்ளு நகத்தளவுதான் இருக்கு. வேலூர்ல ஒப்பிட்டு பாக்க கடலுக்கு எங்க போவேன்?

அலைவாசி:
டயடிமா இல்லவே இல்ல. அதோட முள்ளு ஊசி மாதிரி, ஓட்டோட அகலத்தவிட ரொம்ப நீளம், உள்ள பொள்ளலா இருக்கும், பட்டுனு ஒடியும். உயிரோட பாத்தா ஆசனவாய சுத்தி ஆரஞ்சு வளையம், அஞ்சு வெள்ள புள்ளி தெரியும். பார்மலின்ல அந்த கலரெல்லாம் நிக்காது. உன்னுது முள்ளு தடியா கறுப்பா இருந்தா ஸ்டோமோப்நியூஸ்டெஸ், பாறையில இருக்கும்.

காட்பாடி பொண்ணு:
கறுப்பு இல்லண்ணா. வெளிறிடுச்சி, ஆனா முள்ளோட அடி செவப்பு, மேல மஞ்ச பட்டை.

ராணிப்பேட்டை சார்:
லென்ஸ் வெச்சி பாரும்மா, முள்ளு உதிர்ந்த எடத்துல தகடுங்க சேர்ற மூலையில சின்னச்சின்ன குழி இருக்கா?

காட்பாடி பொண்ணு:
இருக்கு சார்! வரிசையா இருக்கு.

ராணிப்பேட்டை சார்:
அப்ப டெம்னோப்ளூரிடே குடும்பம். நீ சொல்ற செவப்பு மஞ்சளுக்கு சால்மாசிஸ் பைகலர்தான் பொருந்துது. மன்னார் வளைகுடாவுல சால்மாசிஸ் சாதாரணமா கெடைக்கற ஜாதி, இழுவலையில மாட்டும், விலை போகாததால தூக்கி போட்டுடுவாங்க. அங்கயே சால்மாசிஸ் விர்குலாட்டாவும் உண்டு, அதனால முள்ளு கலர படமா வரைஞ்சி குறிச்சி வை. பரவல்னு ஆப்பிரிக்க கிழக்கு கரையிலேர்ந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியான்னு எழுது. பழைய ரெக்கார்ட பாத்து மத்தியதரைக் கடல சேத்துடாத, 2006ல துருக்கி கரையில தென்பட்டது டயடிமா செட்டோசம், இது இல்ல.

அலைவாசி:
இன்னொண்ணு, லேப்ல சொல்லி ஸ்பெசிமன 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாத்த சொல்லும்மா. பார்மலின் நாளாக ஆக அமிலமாகி சுண்ணாம்பு ஓட்ட அரிக்கும், அப்புறம் அந்த குழி கூட தெரியாது. புது லேபிள பென்சில்ல எழுதி பாட்டிலுக்குள்ளயே போடு, மை வேணாம்.