வாசலை மறிக்கும் பொலிரோ, யாரிடம் புகார் கொடுப்பது?

மதுரை செல்லூரில் எங்கள் சந்து பத்தடி அகலம்தான். மூன்று வாரமாக ஒரு பழைய பொலிரோ வாசலை மறித்து நிற்கிறது: மட்கார்டைத் தாண்டி ஒரு சாண் துருத்தும் டயர், முன்னால் இரும்பு பம்பர், ஸ்டார்ட் செய்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும் சைலன்சர். அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கரில் நடக்கிறார், ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிடுகிறது, போன வாரம் அந்த பம்பர் முனையில் உரசி அவர் முழங்கை கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

நேரில் இரண்டு முறை சொன்னேன், "இந்தா எடுத்துர்றேண்ணே" என்பதோடு சரி. கண்ணாடியில் சீட்டு ஒட்டினேன். அப்புறம் 100க்கு அழைத்தேன். வந்தார்கள், வண்டி நகர்ந்தது, மறுநாள் அதே இடம். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் வண்டியின் டயர், பம்பர், சைலன்சரை இப்படி மாற்றுவதற்கு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. எழுத்துப்பூர்வமான புகாரை டிராபிக் போலீசிடம் கொடுத்தால் வேலை நடக்குமா, ஆர்டிஓ அலுவலகத்திலா?