புதுப்பிப்பு: பீவர் கால்பொறி வெறுமனே மூடிக்கொண்ட சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மினசோட்டா ஓடைக்கரையில் வைத்த கால்பொறிகள் (விலங்கின் காலை இரு தாடைகளால் கவ்விப் பிடிப்பவை) மூடியிருந்தும் பீவர் (மரம் கொறிக்கும், நீரில் வாழும் விலங்கு) சிக்காதது பற்றிக் கேட்டிருந்தேன். தாடைக்கிடையில் மயிர் மட்டும் கிடந்தது.

பலித்தது, ஆழத்தையும் இடத்தையும் மாற்றச் சொன்ன யோசனை. பீவர் முன்கால்களை மார்போடு மடக்கி நீந்தி வரும். அது கரையேறும் தடத்தின் நடுவில், 3 அங்குல நீரில் பொறி இருந்தால் மார்புதான் மிதிதட்டை (அழுத்தினால் பொறியை மூடவைக்கும் தட்டு) அழுத்தும். பொறியை 8 முதல் 10 அங்குல ஆழத்துக்கு இறக்கி, நடுக்கோட்டிலிருந்து 3 அங்குலம் விலக்கி வைத்ததும் பின்கால் பிடிபடுகிறது. பின்கால் தடிமனானது, உருவிக்கொண்டு போகாது.

எம்பி-750 என்ற பெரிய கால்பொறியை வாங்கச் சொன்னார்கள் சிலர். அதன் தாடை 7 அங்குலத்துக்கு மேல் விரியும் என்பதால் அகன்ற பின்பாதத்துக்கு நல்லதுதான். ஆனால் இடம் தப்பினால் அதுவும் வெறுமனேதான் மூடும்.

மிதிதட்டின் போல்ட்டை இறுக்கி, ஒன்றரை கிலோ அழுத்தத்துக்குப் பிறகே விழும்படி வைத்தாயிற்று. மஸ்க்ராட் (பீவரைவிடச் சிறிய நீர்க் கொறிணி) மிதித்தால் இப்போது விழுவதில்லை. போல்ட் தளராமலிருக்க லாக்நட் (தானே கழலாத மரை) அவசியம்.

எதிர்பாராதது பனிப்படலம். பிடிபட்ட பீவரை மூழ்கடிக்கும் கம்பிவடம் (கரையில் அடித்த முளையிலிருந்து ஆழத்தில் கிடக்கும் எடை வரை போவது) நீர்மட்டத்தைக் கடக்கும் இடத்தில் உறைந்தது. பொறியோடு சேர்ந்து வடத்தில் ஆழம் நோக்கி மட்டும் நகரும் ஒருவழிப் பூட்டு அங்கேயே நின்றுவிட்டது. கரைமுளையை நீருக்கடியில் அடித்த பிறகு பூட்டு தடையின்றி ஆழத்துக்குச் சரிகிறது. எடை கிடக்கும் முனையில் 3 அடிக்குக் குறையாத நீர் வேண்டும். பொறியை விரிக்கும் முன் பூட்டைக் கையால் ஆழம் நோக்கித் தள்ளிவிட்டு, கரைப்பக்கம் இழுத்துப் பாருங்கள். அப்போது அது பிடிக்க வேண்டும்.