3 அடி மீன் தொட்டியில் நிஜமாக எத்தனை லிட்டர்?

ஏஞ்சல்பிரியன்:
கொளத்தூரில் வாங்கிய தொட்டி. நீளம் 36 இன்ச், அகலம் 15, உயரம் 18. கடையில் 40 கேலன் என்றார்கள். இணையத்தில் கணக்குப் போட்டால் ஒன்று 42 கேலன் காட்டுகிறது, இன்னொன்று 35. இரண்டு ஏஞ்சல் மீன்களின் துடுப்பில் ரவை ஒட்டியது மாதிரி வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது. மருந்து பாட்டிலில் லிட்டர் கணக்கில்தான் அளவு போட்டிருக்கிறது. 160 லிட்டர் என்று வைத்து ஊற்றிவிடலாமா? உள்ளே மணல், மரக்கட்டை, இரண்டு பாறை இருக்கின்றன.

பழையதொட்டி:
ஊற்றிவிடாதீர்கள் தம்பி. 160 என்பது கண்ணாடியின் வெளி அளவு. 42, 35 இரண்டுமே சரிதான். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. நம் ஊர்க் கடைகளில் எந்த கேலனைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அதை விடுங்கள்.

டேப்பில் சென்டிமீட்டர் பக்கத்தைப் பிடித்து உள்பக்கம் அளந்து பாருங்கள். உயரத்தை மட்டும் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டாம்; மணலின் மேலிருந்து தண்ணீர் நிற்கும் மட்டம் வரை போதும். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். மணல் சரிவாக இருந்தால் முன்னும் பின்னும் அளந்து சராசரி எடுங்கள்.

ஏஞ்சல்பிரியன்:
கண்ணாடி 10 எம்எம் அண்ணே. உள்ளே 89.4, 36.1. மணல் பின்னால் 8 செ.மீ., முன்னால் 4. அடிக் கண்ணாடியிலிருந்து தண்ணீர் மட்டம் 40. அப்படியானால் 34 வைத்துப் பெருக்கினால் 110 லிட்டர்தான் வருகிறது! 50 லிட்டர் எங்கே போனது?

பழையதொட்டி:
கண்ணாடித் தடிப்பு, மேலே விட்ட இடைவெளி, மணல். மூன்றும் சேர்ந்து தின்றுவிட்டன. மணல் இடுக்கிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், ஆனால் கட்டையும் பாறையும் அதற்கு ஈடாகக் குறைத்துவிடும். 160க்கு ஊற்றியிருந்தால் மருந்து கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும்.

வாளிக்கணக்கு:
கட்டையைக் குத்துமதிப்பாக விட மனசு வரவில்லை என்றால் ஒரு வழி. எப்படியும் மருந்துக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவீர்கள். பழைய தண்ணீரை 20 லிட்டர் கேனில் கழுத்து வரை பிடியுங்கள். தண்ணீர் எடுப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். உங்கள் தொட்டி காலியாக இருந்தால் 6.2 செ.மீ. இறங்க வேண்டும். கட்டை இடம் பிடித்திருந்தால் இன்னும் கூட இறங்கும்.

ஏஞ்சல்பிரியன்:
செய்துவிட்டேன். 6.5 இறங்கியது. ஒரு செ.மீ.க்கு 3 லிட்டர் சொச்சம், 34க்கு 105 லிட்டர். அந்த அளவுக்கே மருந்து போடப் போகிறேன். ஃபில்டர் தொட்டிக்கு உள்ளேயே இருக்கிற வகைதான், அதனால் கணக்கில் கூட்ட வெளியே தண்ணீர் இல்லை.

பழையதொட்டி:
சரி. எடுத்த தண்ணீரைத் திரும்ப நிரப்பிவிட்டு மருந்தைப் போடுங்கள். ஃபில்டரில் கார்பன் பை இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். கூடவே லோச் வகை மீன் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், அதற்கு முழு அளவு தாங்காது.