1956 நவம்பருக்கு முந்தைய கொள்ளேகால் கூத்துச் செய்தி: எங்கே தேடுவது?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என் தாத்தா கொள்ளேகாலில் தெருக்கூத்து ஆடியவர். அவருடைய குழுவைப் பற்றித் தமிழ் நாளிதழ் ஒன்றில் வந்த செய்தியின் பாதித் துண்டு மட்டும் கையில் இருக்கிறது. இதழின் பெயரும் தேதியும் இருந்த மேல்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. பின்பக்கத்தில் பொங்கல் ஜவுளி விளம்பரம். ஆகவே ஜனவரி மாதம். செய்தியில் 'கோவை ஜில்லா, கொள்ளேகாலம்' என்று இருக்கிறது. கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 அன்றுதான் மைசூர் மாநிலத்துக்கு (இன்றைய கர்நாடகம்) போனது. அதற்கு முன் என்பது உறுதி. தாத்தா ஆடிய காலத்தை வைத்துப் பார்த்தால் 1953 முதல் 1956 வரை.

இணையத்தில் இரண்டு மின்னூலகங்களில் 'கொள்ளேகால்', 'கொள்ளேகாலம்', 'கொள்ளேகாலத்தில்' என்று மாற்றி மாற்றித் தேடினேன். ஒன்றும் இல்லை. பழைய அச்சில் லை, னை எல்லாம் துதிக்கை போட்ட எழுத்துகள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையவை. கணினி அவற்றைக் கண்டபடி வாசிக்கிறது, சொல் தேடல் கைகொடுக்காது. இங்குள்ள நூலகம் ஒன்றில் கேட்டேன்: "தமிழ்ப் பேப்பரா? சென்னைக்குப் போங்கள்." சென்னைக்கும் போனேன். சுதேசமித்திரன் நாளிதழின் நுண்படச் சுருள் (மைக்ரோஃபிலிம்) இரண்டைப் பார்ப்பதற்குள் விடுப்பு தீர்ந்தது. கோவைச் செய்திகளோ அதில் அரைப் பத்திதான். மைசூருக்குப் போன ஊர் என்பதால் இரு பக்கமும் கைவிரிக்கிறார்கள்.

1953–56 ஜனவரி மாதங்களின் கோவை வட்டார நாளிதழ்களை, சொல் தேடாமல் தேதிவாரியாகப் புரட்டிப் பார்க்க எந்த ஆவணக்காப்பகத்தில் வசதி இருக்கிறது?