முதல் சைக்கோசிஸ் நோயாளிகளின் சீரத்தில் பி.டி.என்.எஃப். அளக்கும் ஆய்வு: என்ன கவனிக்க வேண்டும்?

கேள்வி (உயிர்வேதியியல் மாணவி, பெங்களூரு)

வணக்கம். முதல் முறையாகச் சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கை என நிஜத்தோடு தொடர்பு அறுபடும் மனநிலை) வந்து, இன்னும் மருந்து தொடங்காதவர்களின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) பி.டி.என்.எஃப். (நரம்பணுக்கள் வளரவும் பிழைக்கவும் உதவும் புரதம்) அளவைப் பார்க்கும், என் ஆய்வேட்டுக்கான ஆய்வு இது. ஒப்பிட, அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்கள். ரத்தம் எடுப்பது ஓசூர் ரோட்டில். -80 டிகிரி ஃப்ரீசரும் எலைசா ரீடரும் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் சோதனைக்கான கருவி) நகரின் மறுகோடியில், எலஹங்காவில். டிராஃபிக்கில் சாம்பிள் கெடாமல் எப்படிக் கொண்டுபோவது? எடுத்ததும் ஐஸில் வைத்தால் போதுமா? ஒரு குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும்? நோயைக் கண்டறிய ஒரு கட்-ஆஃப் அளவும் (நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் எல்லை எண்) சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது சரியா?

பதில் 1 (ஆய்வகப் பணி, மல்லேஸ்வரம்)

ஐஸ் வேண்டாம். இந்த அளவீட்டில் அதிகம் சறுக்குவது அங்கேதான். ரத்தத்திலுள்ள பி.டி.என்.எஃப்.-இல் பெரும்பகுதி தட்டணுக்களுக்குள் அடைந்திருக்கிறது. உறையும்போதுதான் அது சீரத்துக்கு வருகிறது. எடுத்த கையோடு ஐஸில் வைத்தால் உறைதல் அரைகுறையாகி, அளவு குறைத்துக் காட்டும். நோயாளிகளின் டியூப் 20 நிமிடமும் மற்றவர்களுடையது ஒரு மணி நேரமும் உறைந்திருந்தால், அந்த நேர வித்தியாசமே உங்கள் ஆய்வின் முடிவாக வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது: காலை 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், சிவப்பு மூடி டியூபில் 5 மி.லி. அறை வெப்பத்தில் நேராக நிறுத்தி 60 நிமிடம், எல்லோருக்கும் ஒரே நேரம். பிறகு 1500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். சீரத்தை 200 மைக்ரோலிட்டர் வீதம் நான்கைந்து வயல்களில் பிரித்துவிடுங்கள்; ஒரே வயலைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் அளவு நம்பகமாக இருக்காது. இவ்வளவும் ஓசூர் ரோட்டிலேயே முடிய வேண்டும். மேசையில் வைக்கும் சின்ன சென்ட்ரிஃப்யூஜ் ஒன்று போதும். பிரித்த சீரம் டிரை ஐஸ் பெட்டியில் போனால் வழியில் ஹெப்பாள் மேம்பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் கவலையில்லை. முழு ரத்தத்தை அப்படி அனுப்பாதீர்கள்.

இளஞ்சிவப்பாக வந்த சீரத்தை ஒதுக்குங்கள், சிவப்பணு உடைந்திருக்கிறது. எலைசா கிட் வாங்கும் முன், அதன் ஆன்டிபாடி முதிர்ந்த பி.டி.என்.எஃப்.-ஐ மட்டும் பிடிக்கிறதா, அதன் முன்வடிவமான புரோ-பி.டி.என்.எஃப்.-ஐயும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் நரம்பணுவில் கிட்டத்தட்ட எதிரெதிர் வேலை செய்பவை. சீரத்தில் செறிவு அதிகம் என்பதால் நீர்க்காமல் போட்டால் அளவுகோலைத் தாண்டிவிடும். 1:20 முதல் 1:100 வரை சில சாம்பிள்களில் முதலில் சோதித்துப் பாருங்கள். சாம்பிள் ஊற்றும் எலைசா தட்டுகள் எல்லாம் ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) இருக்கட்டும். நோயாளிகளை ஒரு தட்டிலும் மற்றவர்களை இன்னொரு தட்டிலும் போடவே கூடாது, கலந்து போடுங்கள்.

பதில் 2 (மனநல மருத்துவம், ஜெயநகர்)

சாம்பிளுக்கு முன்பாகவே கவனிக்க வேண்டியது, யாரைச் சேர்க்கிறீர்கள் என்பது. முதல் முறை சைக்கோசிஸோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஸ்கிசோஃப்ரினியா இல்லை. மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்ல அறிகுறிகளின் தொடர்ச்சி குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும். இன்று சேர்த்தவர்களில் சிலருக்குப் பிறகு பைபோலார் (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று தெரியவரும். ஆகவே 6 மாதத்திலும் 12 மாதத்திலும் நோயறிதலை மறுபடி உறுதிசெய்ய இடம் வையுங்கள். டி.எஸ்.ஹெச். (தைராய்டு சோதனை), பி12, சிறுநீரில் போதைப்பொருள் சோதனை ஆகியவை எல்லோருக்கும் அவசியம். வலிப்பு, காய்ச்சல், முகத்திலோ கையிலோ விசித்திர அசைவுகள், சில நாட்களிலேயே வேகமாக மோசமாவது இருந்தால் மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பியை உடலின் ஆன்டிபாடியே தாக்குவதால் வரும் மூளை அழற்சியை நினைக்க வேண்டும். அதற்குச் சீரத்தைவிடத் தண்டுவட நீர்ச் சோதனை நம்பகமானது.

புகைபிடித்தல், உடல் எடை, உடற்பயிற்சி, மனச்சோர்வு எல்லாம் பி.டி.என்.எஃப்.-ஐ அசைக்கும். மனச்சோர்வில் மட்டுமேகூட அது குறைகிறது, அதனால் அதற்கும் ஒரு அளவுகோல் போடுங்கள்.

மருந்தில்லாத நிலையில் ரத்தம் வேண்டும் என்பதற்காகச் சிகிச்சையை ஒரு வேளைகூடத் தள்ளிப்போடக் கூடாது. சாம்பிள் கிடைக்காவிட்டால் போகட்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 99 படி ஒப்புதலை நோயாளியிடமே வாங்க வேண்டும். அண்ணனோ அம்மாவோ கையெழுத்துப் போட்டால் போதாது. ஒப்புதல் தர இயலாத நிலையில் இருப்பவர் எதிர்க்காவிட்டாலும் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஒரு ஆய்வேட்டுக்கு, அந்த நிலை தெளியும்வரை அவரைச் சேர்க்காமல் விடுவதே நல்லது. படிவம் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் இருக்கட்டும்.

பதில் 3 (புள்ளியியல்)

நடுத்தர வித்தியாசம், அதாவது கோஹன் டி 0.5 (இரு குழுச் சராசரிகளின் வித்தியாசம் திட்ட விலக்கத்தில் பாதி) என்று எடுத்துக்கொண்டால், 80 சதவீத பவருக்கு (உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) குழுவுக்கு 64 பேர். கெட்டுப்போகும் சாம்பிளுக்கும் மாறும் நோயறிதலுக்கும் சேர்த்து 75 வைத்துக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் எழுத வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். டி 0.5 இருந்தாலும் இரு குழுக்களின் அளவுகளும் சுமார் 80 சதவீதம் ஒன்றன் மேல் ஒன்று விழும், இரு குழுக்களையும் பிரித்துக் காட்டும் திறனான ஏ.யூ.சி. (0.5 என்றால் வெறும் ஊகம், 1 என்றால் பிழையே இல்லை) 0.64 அளவில்தான் நிற்கும். இதைவிட மேலான, நோயுள்ளவரைப் பிடிக்கும் உணர்திறனும் நோயில்லாதவரை விடுவிக்கும் தனித்திறனும் 80 சதவீதம் உள்ள சோதனை ஒன்று இருப்பதாக வைத்து, நூற்றுக்கு ஒருவருக்கு நோய் உள்ள 10,000 பேரிடம் செய்து பார்ப்போம். நோயுள்ள 100 பேரில் 80 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 9,900 பேரில் 1,980 பேரும் சிக்குவார்கள். பாசிட்டிவ் வந்த 2,060 பேரில் உண்மை 4 சதவீதத்துக்கும் கீழே.

ஆய்வேட்டில் சராசரி வித்தியாசம், நம்பிக்கை இடைவெளி (அந்த வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு), புகைபிடித்தலையும் எடையையும் சரிக்கட்டிய புள்ளியியல் மாதிரி, இவை இருந்தால் போதும். அதுவே நேர்மையான, பயனுள்ள பங்களிப்பு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சென்ட்ரிஃப்யூஜுக்கு இன்றே எழுதுகிறேன். குடும்பத்தினர் ரிசல்ட் கேட்டால்?

பதில் 2 (மனநல மருத்துவம், ஜெயநகர்)

பி.டி.என்.எஃப். எண்ணைக் கொடுக்காதீர்கள். தம்பி தங்கைக்கும் பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். அந்த எண் யாருடைய எதிர்காலத்தையும் சொல்லாது. ஒப்புதல் படிவத்திலேயே இதை எழுதிவிடுங்கள். ஆனால் டி.எஸ்.ஹெச்., பி12, சர்க்கரை முடிவுகள் அந்த வாரமே சிகிச்சை தரும் மருத்துவர் கைக்குப் போக வேண்டும்.