நெல்லில் மரபணுவைத் திருத்துகிறார்கள், புற்றுக் கட்டியில் ஏன் முடியவில்லை?

தேன்சிட்டு (கேள்வி):

கொஞ்ச நாளாகவே மனதைக் குடையும் ஒரு கேள்வி. இங்கே ஆய்வகத்திலும் வயலிலும் வேலை செய்பவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை இந்தியா அறிவித்தது. அதே மே மாதத்தில்தான் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பிறவியிலேயே கல்லீரல் நொதி ஒன்று வேலை செய்யாத ஒரு கைக்குழந்தைக்கு, அந்தக் குழந்தையிடம் இருந்த பிழைக்கென்றே தனியாக ஒரு மருந்தை 6 மாதத்தில் செய்து கொடுத்தார்கள் என்ற செய்தியும் வந்தது. 2023 கடைசியிலேயே சிக்கிள் செல் ரத்தசோகைக்கான கிரிஸ்பர் (டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவி) சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்துவிட்டன. எல்லாமே ஒரே குடும்பத்துக் கருவிகள்தான்.

புற்றுநோயும் மரபணு கெட்டுப்போவதால் வருவது என்றுதானே படித்தோம்? எது கெட்டிருக்கிறது என்பதும் பல புற்றுகளில் தெரிந்துவிட்டது. பிறகு கிரிஸ்பரைக் கட்டிக்குள் அனுப்பி அந்த மரபணுவை வெட்டிப் போடவோ சரிசெய்யவோ ஏன் முடியவில்லை? நெல்லுக்கு முடிகிறது, ரத்தத்துக்கு முடிகிறது, கல்லீரலுக்கு முடிகிறது, கட்டிக்கு மட்டும் என்ன தடை?

நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் கணையப் புற்று, சிகிச்சை நடக்கிறது. "புற்றுநோய்க்கு முடிவு வந்துவிட்டது" என்று வாரம் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பவும் முடியவில்லை, ஒதுக்கவும் மனம் வரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

செல்வனம்:

நல்ல கேள்வி நண்பரே. நான் நோயெதிர்ப்புச் செல்களை வைத்து ஆய்வு செய்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டிஎன்ஏவை வெட்டுவது இப்போது கஷ்டமே இல்லை, அது 2012லேயே தெளிவாகிவிட்டது, அதைக் காட்டியதற்குத்தான் டவுட்னா, ஷார்பான்டியே என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் 2020இல் நோபல் கொடுத்தார்கள். எத்தனை செல்களில் வெட்டினால் போதும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிக்கிள் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் ரத்த மூலச்செல்களை (எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்தச் செல்களை உருவாக்குபவை) வெளியே எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, பழைய மஜ்ஜையைக் கீமோவால் காலி செய்துவிட்டுத் திரும்ப ஏற்றுகிறார்கள். இதில் நோய்க்குக் காரணமான பிழையை அவர்கள் தொடுவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் இருக்கும், பிறந்த பிறகு அதை அணைத்து வைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு. ரத்தச் செல்லில் அந்த மரபணுவுக்கு ஊக்கம் கொடுக்கும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டால் கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி வருகிறது, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைவது நிற்கிறது. அனுமதிக்கு வந்த சோதனையில் கணக்கில் எடுத்த 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து ஓராண்டு கடும் வலித் தாக்குதல் வரவே இல்லை. எல்லா மூலச்செல்லும் திருந்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை, கணிசமான பங்கு திருந்தினாலே ஆள் நன்றாக இருப்பார்.

கல்லீரலும் அப்படித்தான். ரத்தத்தில் விடும் கொழுப்புத் துகள்களை அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கருவியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுலபம். அந்தக் குழந்தைக்கும் ஒரு பங்கு செல்கள் நொதியைச் செய்தால் போதும், ரத்தத்தில் அம்மோனியா ஏறாமல் பார்த்துக்கொள்ளும்.

இப்போது கட்டிக்கு வாருங்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறக்குறைய 100 கோடி செல்கள் என்று வழக்கமாகக் கணக்குச் சொல்வார்கள். அதில் 99 சதவீதத்துக்குள் கிரிஸ்பர் போய் வேலையை முடித்துவிட்டது என்றே வையுங்கள் (இன்றைக்கு யாராலும் அந்த அளவை நெருங்க முடியாது), மீதி 1 கோடி செல்கள் அப்படியே இருக்கும், அவைதான் பெருகும். களையைப் பிடுங்கும்போது வேரை விட்டுவிட்ட கதைதான். போதாததற்கு, ஒரே கட்டிக்குள்ளேயே செல்லுக்குச் செல் மரபணு மாற்றங்கள் வேறுபடும், கட்டிக்குள் ரத்த ஓட்டம் சீராக இருக்காது, உள்ளே அழுத்தம் அதிகம், துகள் போவதே பெரும்பாடு, வேறு உறுப்புக்குப் பரவியிருந்தால் எங்கெல்லாம் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

அதனால்தான் எங்கள் துறை வேறு வழியில் போனது. கட்டியை விட்டுவிட்டு, அதைத் தேடிக் கொல்லும் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லைத் திருத்துவது. டி செல்லை வெளியே எடுக்கலாம், சோதிக்கலாம், சரியில்லாததைத் தூக்கிப் போடலாம், உடம்புக்குள் போனதும் தானே பெருகும். மனிதருக்கு கிரிஸ்பரை முதலில் பயன்படுத்தியதே இப்படித்தான், 2016இல் சீனாவின் செங்டுவில், நுரையீரல் புற்று நோயாளிக்கு. பென்சில்வேனியாவில் 3 பேருக்குச் செய்து 2020இல் வெளியிட்டார்கள். திருத்திய செல்கள் உடம்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்தன, பெரிய ஆபத்து ஏதும் வரவில்லை, ஆனால் நோய் அடங்கவில்லை.

எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பது 2022 மே மாதம் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் நடந்ததுதான். 13 வயதுச் சிறுமி, டி செல் ரத்தப்புற்று, கீமோ பலிக்கவில்லை, மஜ்ஜை மாற்றும் பலிக்கவில்லை. டி செல் புற்றைக் கொல்ல டி செல்லையே அனுப்ப வேண்டும், ஆனால் இரண்டிலும் சிடி7 என்ற ஒரே அடையாளம் இருப்பதால், அந்த அடையாளத்தைத் தேடிக் கொல்ல அனுப்பிய செல்கள் ஒன்றையொன்று கொன்று தீர்த்துவிடும். ஆரோக்கியமான ஒருவரின் டி செல்லை எடுத்து அதில் சிடி7ஐ நீக்கினார்கள், சிறுமியின் உடம்பையே தாக்காமல் இருக்க எதிரியை அடையாளம் காணும் அதன் சொந்த ஏற்பியை நீக்கினார்கள், கூடவே கொடுக்கும் ஒரு மருந்து அந்தச் செல்லையே அழித்துவிடாமல் இருக்க, அந்த மருந்து குறிவைக்கும் சிடி52 என்ற அடையாளத்தையும் நீக்கினார்கள். இத்தனையும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் துண்டிக்காமல், ஒவ்வோர் எழுத்தை மட்டும் மாற்றி. 28 நாளில் புற்று கண்ணில் படாத அளவுக்குப் போனது, அப்புறம் இரண்டாவது மஜ்ஜை மாற்று செய்தார்கள்.

ஆனால் இது ரத்தப்புற்று. திடக் கட்டியில் இதே வழி இன்னும் தடுமாறுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

நாற்றங்கால்:

செல்வனம் சொன்னதோடு பயிர்ப் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் நெல் திசு வளர்ப்பில் இருப்பவள். "நெல்லுக்கு முடிகிறதே" என்று கேட்டீர்கள் அல்லவா, எங்களுக்கு ஏன் முடிகிறது என்று பார்த்தாலே கட்டிக்கு ஏன் முடியவில்லை என்பது புரியும்.

உமி நீக்கிய விதையைக் கிருமி நீக்கி ஹார்மோன் கலந்த ஊடகத்தில் வைத்தால் சில வாரத்தில் முளைக்கருவிலிருந்து வெளிர் மஞ்சளாகப் பொரிப்பொரியாக ஒரு செல் திரள் வரும், காலஸ் என்போம். அதில் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வழியாக கிரிஸ்பரை ஏற்றுகிறோம். பெரும்பாலான செல்களுக்குள் அது போகவே போகாது, போன இடத்திலும் பாதி வெட்டு நமக்குப் பயன்படாத மாதிரி இருக்கும். கருவி ஏறிய செல்லை மட்டும் வாழவிடும் தேர்வு ஊடகத்தில் வைத்ததும் முக்கால்வாசி பழுப்பாகிச் செத்துவிடும். அங்கங்கே பச்சைப் புள்ளியாகத் துளிர்ப்பதை மட்டும் பிரித்து வளர்த்து, ஒவ்வொன்றின் டிஎன்ஏவையும் படித்துப் பார்த்து, சரியாக வந்த ஒரே ஒரு செடியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடுவோம். எங்களுக்கு 100இல் 99 தோற்றாலும் கவலை இல்லை. வென்ற ஒன்றிலிருந்து வயல் முழுக்க விதை எடுக்கலாம்.

புற்றில் இது அப்படியே தலைகீழ். அங்கே தோற்றது ஒன்று மிஞ்சினால் அது வளர்ந்துவிடும். தேர்வு என்பது இங்கே எங்கள் பக்கம் நிற்கிறது, அங்கே நோயின் பக்கம் நிற்கிறது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. அடுத்த தலைமுறையில் மரபணுக்கள் பிரியும்போது, கிரிஸ்பர் கருவியே இல்லாத, திருத்தம் மட்டும் தங்கிய செடியைப் பொறுக்கி எடுத்துவிடலாம். அயல் மரபணு எதுவும் மிச்சம் இருக்காது. இந்தியா 2022இல் இப்படிப்பட்ட பயிர்களுக்கு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது இந்தக் காரணத்தால்தான். மனிதருக்கு அடுத்த தலைமுறை வரை காத்திருந்து பொறுக்கி எடுக்கும் பேச்சே கிடையாது.

கோதுமை இன்னும் பெரிய சவால். அதில் மூன்று தாவரங்களின் மரபணுத் தொகுதி சேர்ந்து இருப்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டாக ஒரு மரபணுவுக்கு 6 பிரதி, ஆறையும் ஒருசேர முடக்க வேண்டும். சாம்பல் நோய் வராமலிருக்க எம்எல்ஓ மரபணுவின் 6 பிரதிகளையும் முடக்கியதாக 2014இல் சீனாவின் காவ் கைஷியாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். நோய் வரவில்லை, ஆனால் எம்எல்ஓவை முடக்கினால் வளர்ச்சி குன்றுவது பழைய தொல்லை. குன்றாமல் நன்றாக வளரும் கோதுமையைப் பற்றி 2022இல்தான் எழுதினார்கள், நடுவில் 8 ஆண்டு.

நீங்கள் சொன்ன இரண்டு நெல் ரகங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்று சம்பா மசூரியில் ஜிஎன்1ஏ என்ற மரபணுவை முடக்கியது, ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது, பெயர் கமலா. அந்த மரபணு கதிரில் சைட்டோகைனின் ஹார்மோனைச் சிதைக்கும், அது நின்றால் ஹார்மோன் கூடிக் கதிருக்கு மணி அதிகமாகும். இந்தத் தொடர்பை 2005லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்றது எம்டியு 1010 என்ற நெல் ரகத்தில் டிஎஸ்டி என்ற மரபணுவைத் திருத்தியது, உப்பு, வறட்சியைத் தாங்குவதற்காக டெல்லியில் செய்தது. இரண்டிலும் திருத்தியது ஒற்றை மரபணு. மகசூல் என்பது ஒற்றை மரபணு சமாச்சாரம் கிடையாது, மண், நீர், பருவம் எல்லாம் சேர்ந்தது, அதனால் சோதனை வயலில் வந்த எண் எல்லா இடத்திலும் வரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பல பருவ விவரங்களை முழுமையாக வெளியிட வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான்.

ஒரு வார்த்தை, வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் ஸ்வர்ணா சப்1 நெல்லில் கிரிஸ்பர் கிடையாது. ஒடிசாவின் பழைய ரகமான எஃப்ஆர்13ஏவில் இருந்த மரபணுவை 2006இல் அடையாளம் கண்டு, டிஎன்ஏ குறியீடு பார்த்துப் பார்த்துப் பின்கலப்பு செய்தே (ஸ்வர்ணாவோடு திரும்பத் திரும்பக் கலந்தே) கொண்டுவந்தார்கள். எனக்கு அது கிரிஸ்பருக்குக் கொஞ்சமும் குறையாத சாதனை.

தேன்சிட்டு:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. "ஒரு பங்கு திருந்தினால் போதுமா, எல்லாமே திருந்த வேண்டுமா" என்று இனி ஒவ்வொரு செய்தியிலும் பார்ப்பேன். ஆனால் மனசு கேட்கவில்லை, கணையப் புற்றுக்கு இப்போதைக்கு உருப்படியாக எதுவுமே இல்லையா? எம்ஆர்என்ஏ தடுப்பூசி என்று ஒன்று அடிக்கடி வருகிறதே?

கரைமேடு:

புற்றுநோய் மருத்துவத்தில் இருக்கிறேன். உங்கள் உறவினரின் கோப்பைப் பார்க்காமல் சிகிச்சை பற்றி எதுவும் சொல்லக் கூடாது, பொதுவாகச் சொல்கிறேன்.

எம்ஆர்என்ஏ செய்தி உண்மைதான், ஆனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும். நியூயார்க்கில் நடந்த ஆய்வில் 16 பேர். எல்லாருக்கும் அறுவையில் கட்டியை எடுத்தாகிவிட்டது. எடுத்த கட்டியைப் படித்து, அதில் மட்டும் இருக்கும் மாற்றங்களுக்கு எதிராக ஆளுக்கொரு ஊசி செய்தார்கள். 8 பேருக்கு நோயெதிர்ப்பு கிளம்பியது, 8 பேருக்குக் கிளம்பவில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் கவனித்து 2025இல் எழுதியபோது, கிளம்பியவர்களில் 2 பேருக்கும் கிளம்பாதவர்களில் 7 பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. நம்பிக்கை தரும் விஷயம், ஆனால் சின்ன ஆய்வு. அதோடு நோயெதிர்ப்பு வலுவாக இருந்தவர்களே நன்றாக இருந்தார்களா, ஊசியால் நன்றாக இருந்தார்களா என்பதைப் பெரிய ஆய்வுதான் பிரித்துச் சொல்லும். கட்டி உள்ளே இருப்பவருக்கு இது இப்போது பொருந்தாது.

மரபணுவை வெட்டாமல் அது செய்யும் புரதத்தை மாத்திரையால் அடக்குவது இன்னொரு வழி, என் பார்வையில் கணையத்துக்கு இதுதான் முதலில் வந்து சேரும். கணையப் புற்றில் 10க்கு 9 பேரிடம் கேராஸ் என்ற மரபணு மாறியிருக்கும். 1982லேயே மனிதப் புற்றில் தெரிந்த மரபணு, ஆனால் அந்தப் புரதம் வழவழப்பாக, மருந்து பிடித்துக்கொள்ள இடுக்கே இல்லாமல் இருந்ததால் பல காலம் கைவிட்டிருந்தார்கள். 2013இல் ஒரு வகை மாற்றத்தில் சின்ன இடுக்கு கிடைத்தது, 2021இல் நுரையீரல் புற்றுக்கு மாத்திரை வந்தது. கணையத்தில் அந்த வகை நூற்றில் ஓரிருவருக்குத்தான், பெரும்பாலோருக்கு வேறு வகை. அவற்றையும் சேர்த்து அடக்கும் மருந்துகள் கடைசிக் கட்டச் சோதனை வரை போயிருக்கின்றன.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. உறவினரின் ரத்தத்தில் பரம்பரை மரபணுச் சோதனையும் கட்டித் திசுவில் மரபணுச் சோதனையும் செய்தாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிஆர்சிஏ என்ற மரபணுவில் மாற்றம் பரம்பரையாக இருந்தால் பிளாட்டினம் வகைக் கீமோ நன்றாகக் கேட்கும், கட்டுக்குள் வந்த பிறகு ஓலாபரிப் மாத்திரைக்கும் இடம் உண்டு. டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதான வகையாக இருந்தால் நோயெதிர்ப்பு மருந்து வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது. இரண்டும் கணையத்தில் சிலருக்குத்தான் அமையும், ஆனால் சோதிக்காமல் தெரியாது.

தேன்சிட்டு:

ரத்தச் சோதனை எடுத்த மாதிரி தெரியவில்லை ஐயா. அடுத்த முறை போகும்போது கேட்டுவிடுகிறேன். அறுவையின்போது எடுத்த திசு இன்னும் வைத்திருப்பார்களா?

கரைமேடு:

பெரும்பாலும் மெழுகுக் கட்டியில் பதித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள், நோயியல் துறையில் அறிக்கை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், புதிதாக ஊசி போட்டு எடுக்க வேண்டிய அவசியம் வராது. பரம்பரை மாற்றம் என்று வந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஆலோசனை பெற வேண்டியிருக்கும், அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.