உங்கள் ஊர் நூலகத்தில் அதிகம் இரவல் போகும் புத்தகம் எது?

காரைதீவு வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒக்டோபர் வாசிப்பு மாதம் வருகிறது. எங்கள் பக்கத்துப் பொது நூலகத்தில் வழமையான கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு எல்லாம் நடக்கும். அதோடு இம்முறை ஒரு றாக்கை முழுக்க 'இங்கே அதிகம் இரவல் போனவை' என்று புத்தகங்களை அடுக்கி வைத்தால் சனம் நின்று பார்க்கும் என்று வாசகர் வட்டத்தில் பேசி முடிவெடுத்தோம். கொம்பியூட்டர் பதிவு இல்லை, புத்தகத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் திகதித் தாளைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். மேலோட்டமாகப் பார்த்த அளவில் கல்கி, சாண்டில்யன், ரமணிசந்திரன், இடையிடையே சுஜாதா, ராஜேஷ்குமார். எல்லாம் இந்தியப் புத்தகங்கள். தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரில் ஒரு றாக்கை வைத்து, அதில் இலங்கையின் கிழக்கு மண்ணின் பெயர் ஒன்றுகூட இல்லையென்றால் எனக்குத் தாங்காது. அதற்காகப் பொய்ப் பட்டியல் போடவும் மனமில்லை.

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் நிலைமை எப்படி? நூலகத்தில் வேலை செய்தவர்கள் யாரும் இருந்தால், எப்படி எண்ணுவது சரி என்றும் சொல்லுங்கள்.

வாவிக்கரை:

தம்பி, நூலகத்தில் இரவல் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஒன்று, திகதித் தாளை மட்டும் நம்பி எண்ணாதீர்கள். நன்றாக ஓடும் புத்தகத்தின் தாள் கெதியில் நிறைந்துவிடும், நாங்கள் அதைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டுவோம், பைண்டிங்குக்குப் போய் வந்தால் பழைய தாள் இருக்கவே இருக்காது. ஆகவே அதிகம் போன புத்தகத்தில்தான் ஆகக் குறைந்த முத்திரைகள் தெரியும். அதைவிட அதிகம் போனவை பக்கம் பக்கமாகக் கழன்று கழிவில் போய்விட்டன, அவை உங்கள் கண்ணிலேயே படாது. வாங்கிய புத்தகங்களைப் பதியும் பெரிய பேரேட்டை எடுத்துப் பாருங்கள். ஒரே தலைப்பு எத்தனை தரம் திரும்ப வாங்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் உண்மை அங்கே கிடக்கும்.

அடுத்தது பாகங்கள். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், கடல் புறா மூன்று, யவன ராணி இரண்டு. ஒருவர் பொன்னியின் செல்வனை முழுதாக வாசித்தால் கணக்கில் ஐந்து இரவல் விழும். அதை ஒரு மெல்லிய நாவலோடு எப்படி ஒப்பிடுவது? நான் பார்த்த அளவில் முதலாம் பாகம் தேய்ந்து போயிருக்கும், ஐந்தாம் பாகம் ஓரளவு புதிதாக இருக்கும். நடுவில் ஒரு பாகம் தொலைந்தால் அதற்குப் பிறகுள்ளவை அப்படியே றாக்கையில் கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். 2022 இலும் 2023 இலும் படம் வந்தபோது புதுப் பெடியன்கள் வந்து கேட்டார்கள். அது நல்ல காலம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் பல பதிப்பகங்கள் மலிவுப் பதிப்புப் போடுகின்றன, அதனால் குறைந்த காசில் திரும்ப வாங்க முடிந்தது.

ரமணிசந்திரனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிலர் அதை ஏளனமாகப் பேசுவார்கள். ஒரு பெண் பிள்ளை கொண்டுபோனால் அந்த வீட்டில் அம்மா வாசிப்பார், சின்னம்மா வாசிப்பார், பக்கத்து வளவிலும் ஒருவர் வாசித்துவிட்டுத்தான் திரும்பி வரும். பதிவில் ஒரு இரவல், வாசித்தவர் நாலைந்து பேர். இரண்டு வாரத்துக்குள் புத்தகம் ஒழுங்காகத் திரும்பியும் வரும். நூலகத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

லண்டனில் ஒரு களுவாஞ்சிக்குடி:

இங்கே இந்தக் கணக்கு காசோடு தொடர்புபட்டது. 1979 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பொது நூலகத்தில் புத்தகம் இரவல் போகும் ஒவ்வொரு தடவைக்கும் எழுத்தாளருக்கு அரசு ஒரு சிறு தொகை கொடுக்கிறது. முதல் கொடுப்பனவு 1984 இல். ஒருவருக்கு வருடத்துக்கு ஆகக் கூடியது 6,600 பவுண். பெரிய பெயர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அந்த உச்ச வரம்பு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

உங்கள் கேள்விக்கு நியூயோர்க் பொது நூலகத்தின் கதை உதவும். 2020 இல், 125 வருட நிறைவுக்கு, தங்கள் வரலாற்றிலேயே அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்களை அறிவித்தார்கள். முதலிடம் எஸ்ரா ஜாக் கீற்ஸ் 1962 இல் வெளியிட்ட 'த ஸ்னோவி டே' என்ற சிறுவர் படப் புத்தகம், 4,85,583 தடவை. பத்தில் ஆறு சிறுவர்களுக்கானவை. மெல்லிய புத்தகம் சீக்கிரம் திரும்பி வரும், திரும்பி வந்தால் அடுத்தவருக்குப் போகும், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தால் இன்னும் ஓடும் என்று காரணத்தையும் அவர்களே சொன்னார்கள்.

ஆனால் அந்தப் பட்டியலோடு தனியாக ஒரு குறிப்பும் போட்டிருந்தார்கள். 'குட்நைற் மூன்' என்ற புகழ்பெற்ற சிறுவர் புத்தகம் பத்துக்குள் வரவில்லை. 1947 இல் வெளிவந்த புத்தகம், அந்த நூலகத்தின் சிறுவர் பகுதியில் பெரிய செல்வாக்கோடு இருந்த ஆன் கரோல் மூர் என்ற நூலகருக்குப் பிடிக்கவில்லை, 1972 வரை வாங்கவேயில்லை. இருபத்தைந்து வருடம் றாக்கையில் இல்லாத புத்தகத்தை யார் இரவல் எடுப்பது? உங்கள் றாக்கையில் கிழக்கின் பெயர் ஏன் இல்லை என்று கேட்க முன்னர், கிழக்கின் நாவல், சிறுகதைகளில் எத்தனை பிரதி அங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதையும் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

சாய்ந்தமருது ரீச்சர்:

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மேலே சொன்ன சிறுவர் விசயம் எங்கள் பக்கம் அப்படியே உண்மை. எங்கள் வகுப்புப் பிள்ளைகளைப் பொது நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், சிறுவர் பகுதியில் நல்ல நிலையில் இருக்கும் படக் கதைகள் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மிச்சம் இருப்பது அட்டை கழன்றவை, அல்லது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்பு. பெற்றோர் வினாத்தாளைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள், பிள்ளை படக் கதையைப் பார்த்துக்கொண்டே போகிறது. ஒரு சீட்டுக்கு ஒரு புத்தகம்தான் என்ற விதி இருக்கும் இடத்தில் எது வெல்லும்? பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் ஒன்று மேலதிகமாகக் கொடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இங்கும் கேட்கிறேன்.

பழைய கணக்கைத் தேடும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2004 சுனாமியில் கரையோரத்தில் புத்தகங்களோடு பதிவுகளும் போயின. அதற்கு முந்திய வாசகர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். மூத்தவர்களிடம் வாயால் கேட்டு எழுதினால்தான் உண்டு. என் உம்மா திருமணத்துக்கு முன்னர் வாசித்த தொடர்கதைகளை இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்வார்.

எழுவான்கரை:

சகோதரம், கிழக்கின் பெயர் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். உசாத்துணைப் பகுதிக்குப் போய்ப் பார்த்தீர்களா? எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வி.சீ. கந்தையாவின் 1964 ஆம் ஆண்டு மட்டக்களப்புத் தமிழகம், விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூல் எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாத புத்தகங்கள். வெளியே போகாத புத்தகத்துக்கு இரவல் கணக்கு எப்போதும் பூச்சியம்தான். ஆனால் கோயில் வரலாறு எழுதுபவர், கூத்து ஆராய்பவர், குடி வழமை பற்றித் தெரிந்துகொள்ள வருபவர், பல்கலைக்கழகப் பிள்ளைகள் எல்லோரும் அவற்றைத்தான் மேசையில் விரித்து வைத்துக் குறிப்பெடுக்கிறார்கள். 2005 முதல் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்தில் ஈழத்து நூல்களை மின்வடிவில் ஏற்றி வருகிறார்கள், பலர் அங்கேயே வாசித்துவிடுகிறார்கள். அந்த வாசிப்பும் உங்கள் திகதித் தாளில் விழாது. 'இங்கேயே இருந்து வாசித்தவை' என்று இரண்டாவது தட்டு ஒன்று வையுங்கள். அதில் நம்மவர்கள் நிறைய வருவார்கள், பொய்யும் இல்லை.

இன்னொன்று. 2022 இல் டொலர் 350 ரூபாயைத் தாண்டியபோது இந்தியப் புத்தகங்களின் விலையும் ஏறிவிட்டது. அந்த நேரத்திலாவது உள்ளூர் வெளியீடுகளை வாங்கியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம். நூறு, இருநூறு பிரதி அடித்து வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாளர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

காரைதீவு வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. வாவிக்கரை ஐயா சொன்னபடி பேரேட்டைப் பார்க்க நூலகரிடம் அனுமதி கேட்டுவிட்டேன், அவருக்கும் சந்தோசம். மூன்று தட்டு வைக்கப் போகிறோம். ஒன்று இரவல் போனவை, ஒன்று உசாத்துணையில் இருந்து வாசித்தவை, மூன்றாவது சிறுவர்களுக்கு மட்டும். ரீச்சர், அந்த மேலதிகச் சீட்டுக் கோரிக்கையை வாசகர் வட்டத்தின் பெயரில் எழுதிக் கொடுக்கிறோம், உங்கள் பள்ளிக்கூடக் கடிதமும் சேர்ந்தால் பலமாக இருக்கும். மேசையில் ஒரு கொப்பியும் வைக்கிறோம், வந்து கேட்டும் கிடைக்காத புத்தகத்தின் பெயரை யாரும் எழுதலாம், அடுத்த கொள்வனவுக்கு அதைத்தான் கொடுக்கப் போகிறோம்.

ஐயா, நீங்கள் சொன்ன நிலைமை இங்கேயும் உண்டு. பொன்னியின் செல்வனில் மூன்றாம் பாகம், கொலைவாள், எங்களிடம் இல்லை. யாரிடமாவது மிகுதிப் பிரதி இருந்தால் இங்கே ஒரு வரி போடுங்கள். கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு எங்கே என்றாலும் நான் வந்து எடுக்கிறேன்.